ஆவிக்குக் கிடைத்த ‘ஏ’

1951இல் வெளிவந்த ‘மர்மயோகி’ எம்.ஜி.ஆர். வாள் வீசிய படம். ஜூபிடர் பிக்சர்ஸ் கோவை சென்ட்ரல் ஸ்டுடியோவில் எடுத்தது, இயக்கியவர் கே. ராம்நாத். தமிழில் முதன்முதலாக ‘ஏ’ சான்றிதழ் வாங்கிய படம் இதுதான். படுக்கையறைக் காட்சி எதுவும் அதற்குக் காரணமில்லை. செத்துப்போனதாக எல்லோரும் நம்பிய மன்னர் ஆவியைப் போலத் தோன்றும் காட்சிகள் குழந்தைகளை மிரட்டிவிடும் என்று தணிக்கையாளர்கள் நினைத்தார்கள்.

 இன்று யாரிடமாவது “அது ஏ படம்” என்று மட்டும் சொல்லுங்கள். ஆவி யாருக்கும் நினைவில் வராது. 1949இல் திரைப்படச் சட்டத்தைத் திருத்தி ‘யு’, ‘ஏ’ என்று பிரித்தபோது, ‘ஏ’ என்ற எழுத்துக்கு வயது வரம்பு என்பதற்கு மேல் பொருள் இல்லை. பார்வையாளர் மனதில் அது வேறொரு வாக்குறுதியாக வளர்ந்துவிட்டது.

இதற்குக் காரணம் மூளை வேலை செய்யும் விதம். அது காட்சி முடியும்வரை காத்திருந்து முடிவெடுப்பதில்லை. வரப்போவதை முன்கூட்டியே ஊகித்து, கண்ணும் காதும் கொண்டுவருவதை அந்த ஊகத்தோடு ஒப்பிட்டுத் திருத்திக்கொண்டே போகிறது. ஊகத்துக்கு முதல் விதை போடுவது பல நேரம் ‘ஏ’ போன்ற பெயர்ப்பட்டைதான். 2005இல் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் ஒரே வாசனையை இரண்டு பெயர்களில் முகரக் கொடுத்தார்கள். ‘செடார் சீஸ்’ என்று எழுதிக் காட்டியபோது இனிமை கூடியது. ‘உடல் நாற்றம்’ என்றபோது குறைந்தது. வாசனையின் இனிமையைக் கணிக்கும் மூளைப் பகுதியின் செயல்பாடும் பெயருக்கேற்ப மாறியது. ஆக, மாறியது வாய்ச்சொல் மட்டுமல்ல, அனுபவமும்தான்.

நினைவும் தப்பவில்லை. 1974இல் உளவியல் ஆய்வாளர்கள் எலிசபெத் லாஃப்டஸும் ஜான் பால்மரும் மாணவர்களுக்கு ஒரு கார் விபத்துப் படத்தைக் காட்டினார்கள். கார்கள் ‘மோதியபோது’ என்ன வேகம் என்று ஒரு குழுவிடமும், ‘நொறுங்க மோதியபோது’ என்ன வேகம் என்று இன்னொரு குழுவிடமும் கேட்டார்கள். ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா என்றார்கள். முதல் குழுவின் 50 பேரில் 7 பேர் ஆமாம் என்றார்கள். இரண்டாவது குழுவின் 50 பேரில் 16 பேர். படத்தில் உடைந்த கண்ணாடியே இல்லை.

இனி, கைபேசியில் ஓடும் வயதுவந்தோர் காணொளிகளுக்கு வருவோம். அங்கே ஒவ்வொன்றும் ஏதோ ஒரு வகைப்பெயரின் கீழ்தான் கிடக்கிறது: வயது, உறவு, ஊர், இனம், ‘நிஜம்’, ‘ரகசியம்’. நடிகர்கள் நடிப்பதைத் தலைப்பு ‘நிஜம்’ என்று சொன்னால், பார்ப்பவர் நிஜத்தின் அடையாளங்களைத் தேடி எடுத்துக்கொள்கிறார். பொருந்தாதவை எளிதில் கண்ணில் படுவதில்லை. ஓர் ஊரின் அல்லது இனத்தின் பெயர் ஒட்டப்பட்டால், திரையில் தெரியும் ஒரு பெண் அந்த மக்கள் எல்லோருக்கும் மாதிரியாகிவிடுகிறாள்.

இது எவ்வளவு எளிதாக நடக்கும் என்பதை 1963இல் உளவியலாளர் ஹென்றி டாஜ்ஃபெல் வெறும் கோடுகளை வைத்தே காட்டினார். எட்டுக் கோடுகள். குட்டையான நான்குக்கு ஓர் எழுத்து, நீளமான நான்குக்கு இன்னோர் எழுத்து. அவ்வளவுதான், இரண்டு கூட்டத்துக்கும் இடையிலான வேறுபாட்டை மக்கள் உள்ளதைவிடப் பெரிதாக அளந்தார்கள். கோட்டுக்கே இப்படி என்றால், மனிதருக்கு ஒட்டும் பெயர் சும்மா இருக்குமா?

பெயர்ப்பட்டைகள் வேண்டாம் என்பதல்ல என் கட்சி. பிள்ளைகளைக் காக்க அவை வேண்டும். 2021ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகள், இணையத் திரைத்தளங்கள் வயதோடு சேர்த்து, வன்முறையா பாலியலா என்ற உள்ளடக்கக் குறிப்பையும் தரச் சொல்கின்றன. காரணத்தைச் சொல்லும் பட்டை, வீண் கற்பனைக்கு இடத்தைக் குறைக்கிறது. வகைப்பெயரோ பெரும்பாலும் பார்க்க வைப்பதற்காக எழுதப்படுவது. திரையில் இருப்பவர் தம்மைப் பற்றிச் சொன்ன வார்த்தை அல்ல. வளரும் பிள்ளைகளுக்கு வீட்டிலும் பள்ளியிலும் இதை வெட்கப்படாமல் சொல்லித் தர வேண்டும்: தலைப்பை மறைத்துவிட்டு, நீ கண்ணால் கண்டது எவ்வளவு, தலைப்பு உனக்குச் சொன்னது எவ்வளவு என்று பிரித்துப் பார்.