சொன்னதைத் திருப்பிச் சொல்!
வானத்தில் உயிர்களைக் காக்கும் ரேடியோ பேச்சின் இலக்கணம்

காஞ்சிபுரம் அருகேயுள்ள தாமல் ஏரியிலிருந்து மீனம்பாக்கம் விமான நிலையம் நேர்கோட்டில் ஏறத்தாழ 60 கிலோமீட்டர். சென்னைக்கும் பெங்களூருக்கும் இடையே பறக்கும் விமானங்கள் இந்த வட்டாரத்து வானத்தைக் கடந்துதான் போகின்றன. தாமல் வராகீஸ்வரர் கோயில் வாசலில் நிற்பவருக்கு இன்ஜின் இரைச்சல் கேட்கும். அதே நேரத்தில் விமானிக்கும் தரையிலுள்ள கட்டுப்பாட்டாளருக்கும் நடக்கும் பேச்சு கேட்காது. சில நொடிப் பேச்சுதான். ஆனால் அதில் ஓர் எண் பிசகினால் என்ன ஆகும் என்பதை நம் நாடே பார்த்திருக்கிறது.

1996 நவம்பர் 12 அன்று டெல்லியிலிருந்து கிளம்பிய சவூதி விமானம் 14,000 அடி வரை ஏற அனுமதி பெற்றிருந்தது. எதிரே டெல்லிக்கு வந்துகொண்டிருந்த கஜகஸ்தான் விமானம் 15,000 அடியில் நிற்க வேண்டும். அது நிற்காமல் கீழே இறங்கியது. ஹரியானாவின் சர்க்கி தாத்ரி அருகே இரண்டும் மோதின. 349 பேரும் இறந்தார்கள். கஜக் விமானக் குழுவின் ஆங்கில அறிவு போதவில்லை, குழுவுக்குள் ஒருங்கிணைப்பும் இல்லை என்று நீதிபதி லகோட்டி விசாரணை கண்டது. அந்த விமானத்தில் தரையோடு பேசியவர் ஒருவர், ஓட்டியவர் இன்னொருவர். காதில் விழுந்த எண் ஓட்டுபவரின் கைக்குச் சரியாகப் போய்ச் சேரவில்லை.

நான்கு கேள்விகள்

பேசத் தொடங்கும் முன் விமானி சற்று நேரம் கேட்க வேண்டும். ஓர் அலைவரிசையில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். பிறகு பொத்தானை அழுத்தி நான்கு செய்திகளைச் சொல்வார்: யாரை அழைக்கிறேன், நான் யார், எங்கே இருக்கிறேன், எனக்கு என்ன வேண்டும். இந்திய விமானங்களின் பதிவு 'விடி' என்று தொடங்கும். ரேடியோவில் அது 'விக்டர் டாங்கோ' ஆகிவிடும். 'பி', 'டி' போன்ற எழுத்துகள் இரைச்சலில் ஒன்றுபோல ஒலிப்பதால் ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு முழுச் சொல். 'ஃபைவ்', 'நைன்' இரண்டும் குழம்பக்கூடாது என்பதற்காக 'ஃபைஃப்', 'நைனர்' என்று உச்சரிக்கிறார்கள்.

அடுத்தது, இந்த முறையின் உயிர்நாடி. "ஏழாயிரம் அடிக்கு இறங்குங்கள்" என்று கட்டுப்பாட்டாளர் சொன்னால், விமானி அந்த எண்ணையும் தன் அழைப்புப் பெயரையும் சேர்த்துத் திருப்பிச் சொல்ல வேண்டும். கட்டுப்பாட்டாளரும் அதைக் கவனித்துக் கேட்டு, தவறென்றால் உடனே திருத்த வேண்டும். இங்கே 'ரோஜர்' என்ற பதில் போதாது. செய்தி முழுதாக வந்தது என்பதற்கு மேல் அதற்குப் பொருள் இல்லை. என்ன எண் வந்தது என்பதை அது காட்டிக்கொடுக்காது.

ஒரு சொல்லுக்குப் பூட்டு

1977 மார்ச் 27 அன்று டெனரீஃப் தீவில் பனிமூட்டம். ஓடுதளத்தின் ஒரு முனையில் கேஎல்எம் விமானம். அதே ஓடுதளத்தில் இன்னும் ஊர்ந்துகொண்டிருந்தது பான் ஆம் விமானம். "இப்போது டேக் ஆஃபில் இருக்கிறோம்" என்று கேஎல்எம் சொன்னதற்குக் கட்டுப்பாட்டாளர் "ஓகே" என்று தொடங்கி, காத்திருக்கச் சொன்னார். அதே நொடியில் பான் ஆமும் பேசியது. இரு குரல்களும் மோதி எழுந்த கீச்சொலியில் 'காத்திருங்கள்' என்பது மூழ்கிப்போனது. ஏற்கெனவே ஓடத் தொடங்கியிருந்த கேஎல்எம் நிற்காமல் பான் ஆம் மீது மோதியது. 583 பேர் மடிந்தனர். அதன் பிறகு, 'டேக் ஆஃப்' என்ற சொல்லை அதற்கான அனுமதி தரும்போதும் ரத்து செய்யும்போதும் மட்டுமே சொல்வது என்று விதி வந்தது. மற்ற இடங்களில் 'டிபார்ச்சர்'தான்.

அலை எட்டும் தூரம்

இந்தப் பேச்சு 118 முதல் 137 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைகளில் நடக்கிறது. இவை நேர்கோட்டில் செல்பவை. பூமியின் வளைவு மறைத்துவிடும். 35,000 அடி உயரத்திலுள்ள விமானத்தை 400 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்தும் எட்டலாம். தாழப் பறந்தால் தூரம் சுருங்கும். சென்னையின் பொறுப்பில் வங்காள விரிகுடாவின் பெரும்பரப்பும் இருக்கிறது. நடுக்கடலில் இந்த அலை எட்டாது. அங்கே வளிமண்டலத்தின் மேலடுக்கில் பட்டுத் திரும்பும் எச்எஃப் அலைகளும், செயற்கைக்கோள் வழி எழுத்துச் செய்திகளும் கைகொடுக்கின்றன.

ஆபத்தென்றால் 121.5 மெகாஹெர்ட்ஸ் இருக்கிறது. உயிருக்கே ஆபத்து என்றால் 'மேடே' என்று மூன்று முறை. அவசரம், ஆனால் அந்த அளவுக்கு இல்லை என்றால் 'பான் பான்'. ரேடியோவே பழுதானால் ரேடாருக்கு அடையாள எண்ணை அனுப்பும் டிரான்ஸ்பாண்டர் கருவியில் விமானி 7600 என்று பதிவிடுவார். கட்டுப்பாட்டுக் கோபுரத்திலிருந்து அணையாமல் ஒளிரும் பச்சை விளக்கு தெரிந்தால் தரையிறங்கலாம்.

நம் பிள்ளைகளுக்கு

காஞ்சிபுரம் சுற்றுவட்டாரத்தில் தமிழ்வழியில் படிக்கும் பிள்ளைகள் பலர், ஆங்கிலத்துக்குப் பயந்தே விமானி, கட்டுப்பாட்டாளர் என்ற கனவுகளை ஒதுக்கிவிடுகிறார்கள். அந்தப் பயம் தேவையில்லை. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு கேட்கும் குறைந்தபட்ச ஆங்கிலத் தகுதி நான்காம் நிலை. தாய்மொழியின் சாயல் உச்சரிப்பில் இருக்கலாம். புரிந்துகொள்ளத் தடையாக இருக்கக்கூடாது, அவ்வளவே. அன்றாட ரேடியோ பேச்சுக்கு வரையறுத்த சொற்றொடர்கள் இருக்கின்றன, பழகினால் படிந்துவிடும். எதிர்பாராத நேரத்துக்குத்தான் எளிய, தெளிவான ஆங்கிலம் வேண்டும். அதையும் பயிற்சியால் பெறலாம்.

மேடைப் பேச்சுத் திறமை அங்கே யாருக்கும் வேண்டாம். கவனமாகக் கேட்பது, கேட்டதைப் பிசகாமல் திருப்பிச் சொல்வது, புரியாவிட்டால் வெட்கப்படாமல் "மறுபடி சொல்லுங்கள்" என்பது ஆகிய மூன்றும் வேண்டும். இவற்றை எந்த ஊர்ப் பள்ளியிலும், எந்த மொழியிலும், இன்றைக்கே பழகத் தொடங்கலாம்.