கையொப்பம் மட்டும் போதுமா?

சேரப்பணஞ்சேரியில் வாடகை அறையில் தங்கி, ஒரகடம் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றில் உழைத்துவந்த இளைஞர் அண்மையில் என்னிடம் வந்தார். "சாமி, வேலையை நானே விட்டுவிட்டேனாம், என் கையொப்பமே சாட்சியாம்" என்று கலங்கினார்.

நடந்தது என்ன? இரண்டு மாதங்களாக அவருடைய ஊதியம் குறைக்கப்பட்டது. பின்னர் தட்டச்சு செய்த இராஜினாமாக் கடிதத்தை நீட்டி, ஒப்பமிட்டால்தான் பாக்கிச் சம்பளமும் அனுபவச் சான்றிதழும் கிடைக்கும் என்றார்களாம். ஊரில் தாயார் நோயாளி. ஒப்பமிட்டுவிட்டார்.

தாமாக விலகுதல் வேறு. விலகும்படி நெருக்கப்படுதல் வேறு. இங்கிலாந்துச் சட்டம் பின்னதைப் பணிநீக்கமாகவே கருதுகிறது. அதற்கு 1977இல் டென்னிங் பிரபு ஓர் உரைகல் வகுத்தார். முதலாளி பணி ஒப்பந்தத்தின் ஆணிவேரையே முறித்தாரா? அக்காரணத்தால்தான் தொழிலாளி விலகினாரா? அதுவும் காலம் தாழ்த்தாமல் விலகினாரா? வெறும் மனக்கசப்பு போதாது. அவ்வழக்கின் தொழிலாளி, விடுமுறைச் சம்பளத்தை முன்பணமாகத் தர மறுத்ததற்காக விலகியவர்; அவர் தோற்றார்.

நம் நாட்டில் இதற்கெனத் தனிவிதி இல்லை. விலகல் மனமுவந்ததா என்பதையே நீதிமன்றம் ஆராயும். 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டப்படி, வற்புறுத்திப் பெற்ற இசைவு சுதந்திரமான இசைவன்று. ஆயினும், நிர்ப்பந்தம் நடந்ததென மெய்ப்பிக்கும் பொறுப்பு தொழிலாளியுடையது.

ஆகவே, வெற்றுத்தாளில் ஒப்பமிடாதீர்கள். நெருக்கடியில் ஒப்பமிட நேர்ந்தால், தாமதியாமல் நடந்ததை விவரித்து, விலகலைத் திரும்பப் பெறுவதாகப் பதிவுத் தபாலில் எழுதுங்கள். சம்பளச் சீட்டுகளையும் கைப்பேசிச் செய்திகளையும் பத்திரப்படுத்துங்கள். தொழிலாளர் துறையின் சமரச அலுவலரிடம் முறையிடுங்கள். வேலையிழந்த தனியொருவரின் வழக்கையும் தொழில் தகராறாக ஏற்கும் உரிமை 1965இல் சட்டமாயிற்று. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையிலுள்ள தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டத்திலும் அது நீடிக்கிறது. ஆனால் இரண்டாண்டு கடந்தால் சமரச விசாரணைக்கு இடமில்லை.

தேவையாலோ அச்சத்தாலோ தொழிலாளி ஏற்கும் கொடிய நிபந்தனை உண்மையான சம்மதமன்று, அநீதியே என்று திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் 1891இலேயே தம் சுற்றுமடலில் போதித்தார். கடிதத்தை நீட்டும் மேலாளர்களும் நம் திருப்பலிக்கு வருகிறவர்களே. அவர்கள் இதனைச் சிந்திப்பார்களாக.

அந்த இளைஞர் மறுநாளே கடிதம் எழுதிவிட்டார். அவர் முறையீடு விசாரணையில் இருக்கிறது.