தீட்டினால் குறைவது உயரம்

களியக்காவிளை தாண்டிப் பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கம் கடைவாசலில் ஏத்தங்காய் சிப்ஸ் போடுகிறவர்கள், கொதிக்கும் தேங்காய் எண்ணெய்க்கு மேலேயே காயைச் சீவுவார்கள். சீவுகிற பலகையைக் கவனியுங்கள். முன்பாதி சற்றே தாழ்ந்திருக்கும். பின்பாதி கத்தி விளிம்போடு மட்டமாக இருக்கும். அந்தத் தாழ்வுதான் சிப்ஸின் கனம்.

வீட்டுப் பட்டறையில் மரம் இழைக்கிற மின்சாரக் கைப்பிளானர், கவிழ்த்துப் பிடித்த அதே பலகை. கத்தி மட்டும் உருளையில் சுழல்கிறது: இரண்டு பிளேடு, நிமிஷத்துக்குச் சுமார் 16,000 சுற்று. பரவலாகக் கிடைக்கும் கார்பைடு பிளேடு 82 மி.மீ. நீளம், 5.5 மி.மீ. அகலம், இருபுறமும் விளிம்பு. தேக்கில் சிலிக்கா உண்டு, சீக்கிரம் மழுக்கும். ஒரு விளிம்பு போனால் திருப்பிப் போடலாம். இரண்டும் போனால் குப்பைக்கு என்பது கம்பெனிக் கணக்கு.

தீட்ட முடியாது என்றில்லை. சாதாரண சாம்பல்நிறச் சாணைக்கல்லில் வைத்தால் கல்தான் தேயும். வைரத்தூள் பதித்த தட்டில் கார்பைடும் தேயும். சிக்கல் உயரத்தில். தீட்டத் தீட்ட பிளேடின் அகலம் குறைந்து, விளிம்பு தாழ்கிறது. சிப்ஸ் பலகையில் கத்தி பின்பாதிக்குக் கீழே இறங்கினால் காய் நுனியில் வெட்டுப்பட்டு, மேடேறி, சும்மா வழுக்கிக்கொண்டு போகும். பிளானரும் அப்படித்தான்: ஓரத்தைக் கடிக்கும், பின்தட்டு மரத்தில் ஏறியதும் சீவல் மெலிந்து நின்றுவிடும்.

இரண்டு பிளேடும் ஒரே அளவு தேய வேண்டும். ஒன்று நீண்டிருந்தால் அது மட்டுமே வெட்டும், மரத்தில் அலை விழும். அதனால் ஒரு கட்டையில் ஒரே சரிவில் இரண்டு ரம்பக்கீறல் போட்டு, இரண்டையும் செருகிச் சேர்த்தே தீட்டுவது நல்லது. சரிவில் ஸ்கெட்ச் பேனா மை பூசி இரண்டு தள்ளு தள்ளிப் பாருங்கள். மை விளிம்பு வரைக்கும் அழிந்தால் கோணம் சரி. அடிப்பக்கம் மட்டும் அழிந்தால் கட்டையைத் திருத்த வேண்டும்.

மாட்டும்போது பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். பின்தட்டின் மேல் நேரான சட்டத்தை வைத்து உருளையைக் கையால் திருப்பினால், விளிம்பு சட்டத்தை உரசியும் உரசாமலும் போக வேண்டும். குறைந்த அகலத்தை ஈடுகட்ட, பிளேடைத் தாங்கும் செட் பிளேட்டின் திருகைத் தளர்த்திக் கொஞ்சம் நகர்த்தலாம். நிறைய நகர்த்தினால் பிடிமானம் போய்விடும். அந்த வேகத்தில் பிளேடு கழன்றால் ஆளைக் கிழிக்கும். ஆணியில் பட்டுப் பல் விழுந்ததைத் தீட்டவே வேண்டாம், நிறைய அகலம் அதிலேயே போகும்.

அயினி மரக் கதவின் கடைசி இழைப்புக்கு நான் புதுசுதான் போடுவேன். கோழிக்கூட்டுப் பலகைக்குத் தீட்டியது தாராளம்.