விதைக்கிழங்கில் மறைந்து வரும் வைரசு நோய்

பதுளை மாவட்டத்தில் வெலிமடை முதலிய பகுதிகளிற் பெரும்போக நெல் அறுவடையானபின், சிறுபோகத்தில் அவ்வயல்களில் உருளைக்கிழங்கு நடுவது வழக்கம். கமக்காரர் சிலர் பெருங்கிழங்கைச் சந்தைக்கு அனுப்பிச் சிறுகிழங்கை விதைக்கென வைத்துக்கொள்கின்றனர். சிக்கனமாகத் தோன்றும் இப்பழக்கமே வைரசு நோயைப் போகந்தோறும் பெருக்குகின்றது.

நோயுற்ற செடியிற் கிழங்குகள் பெரும்பாலும் சிறுத்தே விளையும். ஆகவே, சிறுகிழங்கை ஒதுக்கும்போது நோய்க்கிழங்கும் மிகுதியாகச் சேர்ந்துவிடுகின்றது. ஈழத்தலரியின் தடியை வெட்டி நட்டால் தாய்மரத்தின் தேமல் நோயும் உடன் வருவதைப் போன்றதே இது.

அடையாளங்கள்: இலைச்சுருள் நோயில் அடியிலைகள் மேல்நோக்கிச் சுருண்டு, தடித்து, தொட்டாற் சரசரக்கும், செடி குறுகும். தேமல் நோயில் வெளிர்பச்சையும் கரும்பச்சையும் இலையில் திட்டுத்திட்டாகத் தோன்றும். இந்நோய்களைச் செடிக்குச் செடி கொண்டுசெல்வது அழுக்கணவன் என்னும் சாறுறிஞ்சும் பூச்சி.

நோயுற்ற செடியைக் குணமாக்கும் மருந்து கிடையாது. எனவே பின்வருவனவற்றைக் கைக்கொள்ளுதல் வேண்டும்:

1. நோய்ச்செடியைக் கண்டவுடன் கிழங்கோடு தோண்டி அப்புறப்படுத்துக.

2. பயிர் பசுமையாய் நிற்கும்போதே நல்ல செடிகளின் அருகே குச்சி நாட்டி, அவற்றின் கிழங்கையே விதைக்கு எடுக்குக.

3. விதைக்கிழங்கை வெட்டாது முழுதாக நடுக. கத்தியாலும் சில வைரசுகள் பரவும்.

4. முன்போகத்தில் எஞ்சிய கிழங்கிலிருந்து தானாக முளைக்கும் செடிகளைப் பிடுங்குக.

5. அத்தாட்சிப்படுத்தப்பட்ட விதைக்கிழங்கை இடையிடையே வாங்கி விதையைப் புதுப்பிக்குக. இதுபற்றி உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டறியலாம்.

நல்ல கிழங்கை விதைக்கு ஒதுக்குதல் நட்டமன்று. வரும் போகத்திற்கு இடும் முதலாகும்.