செம்புக் கோடுகள் – 7: ஈயம் உட்காரும் இடம்

சுற்று வரைபடம் முடிந்தது. இந்த வாரம் போர்டுக்கு வருகிறோம். கம்ப்யூட்டரில் போர்டு வரைபவருக்கு முதல் வேலை பேட் வைப்பது. உதிரிபாகத்தின் கால் உட்காரவும் ஈயம் பிடிக்கவும் விட்டுவைக்கும் செம்புத் திட்டுதான் பேட். திரையில் அது வெறும் செவ்வகம், அல்லது நடுவில் துளையுள்ள வட்டம். மென்பொருளின் லைப்ரரியிலிருந்து இழுத்துப் போட்டால் வந்துவிடும் என்பதால், இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று பலர் கடந்துபோகிறார்கள். பேட்டின் அளவை உதிரிபாகம் பாதிதான் தீர்மானிக்கிறது, மீதியை அதைப் பற்றவைக்கும் முறை தீர்மானிக்கிறது என்பது என் கட்சி.

இதற்குச் சாட்சி அந்த லைப்ரரிக்குள்ளேயே இருக்கிறது. 1992இல் பிரான்ஸின் கிரெனோபிளில் ழான்-பியர் ஷரா தொடங்கிய கீகேட், இன்று யாரும் காசில்லாமல் இறக்கிக்கொள்ளும் போர்டு வரையும் மென்பொருள். அதில் 2 மி.மீ. நீளமுள்ள 0805 ரெசிஸ்டரைத் தேடினால் இரண்டு வகைப் பேட் கிடைக்கும். ஒன்றின் நீளம் 1 மி.மீ.க்குச் சற்றே கூடுதல். ‘ஹேண்ட் சால்டர்’ என்று பெயரிட்ட மற்றதன் நீளம் 1.2 மி.மீ. ரெசிஸ்டர் அதேதான். ஈயம் உருக மொத்தமாக அடுப்பில் வேகும் போர்டுக்கு முதலாவது போதும். கையால் வைப்பவருக்கோ சால்டரிங் அயர்னின் முனை தொட வெளியே கொஞ்சம் செம்பு தெரிய வேண்டும். இரண்டில் எது என்பதை மென்பொருள் சொல்லாது.

பற்றவைக்கும் முறையை யோசிக்காமல் பேட் வைத்தால் என்ன ஆகும்? 1 மி.மீ. நீளமுள்ள 0402 ரெசிஸ்டரை எடுத்துக்கொள்வோம். அதன் ஒரு பேட் அகலமான கிரவுண்ட் செம்போடும் மற்றது மெல்லிய கோட்டோடும் சேர்ந்திருக்கிறது. அடுப்பில் அகலச் செம்பு சூட்டை உறிஞ்சிக்கொள்ளும். மெல்லிய கோட்டுப் பக்கத்து ஈயம் முந்திக்கொண்டு உருகி, ரெசிஸ்டரைத் தன் பக்கம் இழுக்கும். மறுமுனை எழும்பி, ரெசிஸ்டர் நட்ட கல்லாக நிற்கும். அகலச் செம்பையும் பேட்டையும் நான்கு மெல்லிய கைகளால் மட்டும் இணைத்திருந்தால் இது பெரும்பாலும் நேர்ந்திருக்காது.

ஐபிசி-7351 என்ற தரவிதி இருக்கிறதே, ஃபேக்டரியும் ஃபைலைச் சரிபார்க்கிறதே என்பார்கள். தரவிதி நல்லதுதான், ஆனால் ஒரே உதிரிபாகத்துக்கு நெருக்கம், நடுத்தரம், தாராளம் என மூன்று நிலை தந்து, தேர்வை அது வரைபவரிடமே விடுகிறது. ஃபேக்டரியின் பரிசோதனை செம்புக்கும் செம்புக்கும் இடைவெளி போதுமா என்று பார்க்கும். பேட்டின் துளையில் எந்தக் கால் நுழையப்போகிறது என்பது அதற்குத் தெரியாது. சென்னை ரிட்சி தெருவில் சல்லிசாகக் கிடைக்கும் 1என்4007 டயோடின் கால் 0.86 மி.மீ. வரை தடிக்கலாம். சிறிய ரெசிஸ்டருக்குச் சரியாக இருந்த 0.8 மி.மீ. துளையை அதற்கும் வைத்தால் பரிசோதனையில் தேறிவிடும், கால்தான் நுழையாது.

மென்பொருளும் ஃபேக்டரியும் சொல்லாததைப் பற்றவைப்பவரிடமே கேட்கலாம், சென்னையில் அவர் பக்கத்தில்தான் இருக்கிறார். பட்டாபிராமில் 2024 நவம்பரில் 21 மாடி ஐ.டி. வளாகமான டைடல் பார்க் திறந்தது. அங்கிருந்து அதே மின்ரயில் பாதையில் ஆவடி, திருமுல்லைவாயில் தாண்டினால் அம்பத்தூர் தொழிற்பேட்டை. திரையில் வரைபவரும் ஈயம் வைப்பவரும் இவ்வளவு பக்கத்தில் இருப்பது எல்லா ஊருக்கும் வாய்ப்பதில்லை. எந்த முறையில் பற்றவைக்கப் போகிறீர்கள் என்று ஒரு போன் போட்டுக் கேட்டுவிட்டுப் பேட் வைக்கலாம். அதற்கும் முன்னால், வரைந்ததை அசல் அளவில் தாளில் அச்சிட்டு, வாங்கிய உதிரிபாகத்தை அதன்மேல் வைத்துப் பார்க்கலாம். பழைய வழிதான். சூடு எப்படிப் பாயும் என்று தாள் காட்டாது. கால் பேட்டுக்கு வெளியே நிற்பதைக் காட்டிவிடும்.