உருகாமலே கலக்கும் உலோகங்கள்

ஈயம் உருகுவது 327 டிகிரி செல்சியஸில். அந்தச் சூட்டை எட்டாமலே, ஈயத்தை ஒட்டி வைத்த தங்கம் அதற்குள் ஊடுருவிச் செல்லும். லண்டன் அரசு நாணயச்சாலையின் வில்லியம் ராபர்ட்ஸ்-ஆஸ்டன் இதை அளந்து 1896-ல் அறிவித்தார். ஈய உருளையை நாள்கணக்கில் சூட்டில் வைத்து, பிறகு துண்டு துண்டாக அறுத்து, ஒவ்வொன்றிலும் எவ்வளவு தங்கம் சேர்ந்திருக்கிறது என்று பார்த்தார். உருகாமலே அணுக்கள் ஊடுருவும் இந்தத் திடநிலை விரவலை அளக்கும் வேலை அப்படித்தான் தொடங்கியது.

அணுக்கள் எப்படி நகர்கின்றன என்பது வெகுகாலம் சர்ச்சையாகவே இருந்தது. பக்கத்துப் பக்கத்து அணுக்கள் இடம் மாற்றிக்கொள்கின்றன என்றே பலரும் நம்பினார்கள். 1947-ல் அமெரிக்காவில் ஸ்மிகெல்ஸ்காஸும் கிர்கெண்டாலும் ஒரு பித்தளைக் கட்டியின் இருபுறமும் மாலிப்டினம் கம்பிகளை வைத்து, சுற்றிலும் செம்பு முலாம் பூசி, 785 டிகிரியில் வாரக்கணக்கில் வைத்தார்கள். இருபுறக் கம்பிகளும் உள்நோக்கி நெருங்கியிருந்தன! உள்ளே வந்த செம்பைவிட வெளியேறிய துத்தநாகம் அதிகம். வெறும் இடமாற்றம் என்றால் கம்பிகள் அசைந்திருக்காது. படிகத்தில் காலியாக இருக்கும் இடங்களுக்கு அணுக்கள் தாவுகின்றன என்ற கருத்துக்கு இது வலுவான ஆதாரமாயிற்று.

இந்தச் சோதனைகளில் கண்ணில் பட்டது முடிவு மட்டும்தான், நடந்துகொண்டிருக்கும்போது பார்க்க வழியில்லை. எலக்ட்ரான் நுண்ணோக்கிக்குள்ளேயே உலோகத்தைச் சூடேற்றினால் அதற்கு வழி பிறக்கிறது. இரு உலோகங்களும் சேரும் இடத்தை அயனிக் கற்றையால் 100 நானோமீட்டருக்கும் மெல்லிய ஏடாகச் சீவி, நுண்சூடேற்றி பொதிந்த சிலிக்கான் சில்லின் மேல் ஏற்றுகிறார்கள். எலக்ட்ரான் கற்றை பட்டு வெளிப்படும் எக்ஸ் கதிர்களைக் கொண்டு எந்தத் தனிமம் எங்கே, எவ்வளவு என்ற வரைபடம் கிடைக்கும்.

காத்திருப்பும் பெரிதாகக் குறைகிறது. விரவலில் தூரம் பத்து மடங்கு குறைந்தால் நேரம் நூறு மடங்கு குறையும். ஒரு மில்லிமீட்டருக்கு மூன்று ஆண்டு பிடிக்கும் கலப்பு, 100 நானோமீட்டரில் ஏறத்தாழ ஒரு நொடிதான்.

ஆனால் இப்படி அளந்த வேகத்தை அப்படியே நம்பிவிட முடியாது. இவ்வளவு மெல்லிய ஏட்டில் மேற்பரப்பே பெரும்பங்கு. மேற்பரப்பு அணுக்களோ உட்புறத்தில் உள்ளவற்றைவிட எளிதாக ஓடும். எலக்ட்ரான் கற்றையும் சில நேரம் அணுக்களை இடித்துத் தள்ளும், ஏட்டின் சூடும் சில்லு காட்டும் அளவிலிருந்து விலகியிருக்கலாம். எனவே கவனமானவர்கள் சூடேற்றும்போது கற்றையை மறைத்துவிட்டு, இடையிடையே மட்டும் படமெடுக்கிறார்கள். கிடைத்த வேகத்தை, உலையில் கிடத்திய கெட்டியான துண்டில் பழைய முறையில் அளந்ததோடு ஒப்பிடவும் செய்கிறார்கள்.