உறவுமுறை சொல்லித் தரும் தேநீர்

சீனாவில் மணமக்கள் இருவரும் அரசுப் பதிவு அலுவலகத்திற்குச் சென்று, ஆளுக்கொன்றாகச் சிவப்பு அட்டையிட்ட சான்றிதழைப் பெற்றுக்கொள்ளும் நாளிலேயே சட்டப்படி கணவன் மனைவியாகிவிடுகின்றனர். எனினும், சில வாரங்களோ மாதங்களோ கழித்து உற்றார் கூடி விருந்துண்ணும் நாளையே குடும்பத்தார் திருமண நாளாக மதிக்கின்றனர். இந்த மனப்போக்குக்கு நெடிய வரலாறு உண்டு. கன்பூசிய மரபின் பழஞ்சடங்கு நூலான ‘யீலி’, பெண் கேட்டல், பெயர் அறிதல், நற்குறி பார்த்தல், பரிசம் அனுப்புதல், நாள் குறித்தல், மணமகளை அழைத்துவருதல் என்று திருமணத்தை ஆறு படிகளாக வகுத்துரைக்கிறது. அவற்றுள் முதல் ஐந்தும் இரு வீட்டுப் பெரியவர்களுக்கு இடையே நடந்து முடிந்துவிட, மணமகன் நேரில் புறப்பட்டுச் செல்ல வேண்டியது ஆறாவது படியில்தான்.

இன்றைய திருமணங்களிலும் அந்தப் பயணம் எஞ்சியிருக்கிறது. மணமகளின் தோழியர் வாசலை மறித்துக்கொண்டு, விடுகதையும் விளையாட்டுமாக மணமகனைப் படாதபாடு படுத்தி, பணமிட்ட சிவப்பு உறைகள் கைக்கு வந்த பிறகே வழிவிடுகின்றனர். பார்ப்பவருக்குக் களிப்பூட்டுவது இதுவே என்றாலும், சடங்கின் உயிர்நிலை அடுத்து நிகழும் தேநீர் வழங்குதலில் இருக்கிறது. மணமக்கள் பெற்றோருக்கும், பல வீடுகளில் தாத்தா பாட்டி, பெரியப்பா, சித்தப்பா, தாய்மாமன் என மூத்த உறவினர் ஒவ்வொருவருக்கும், வரிசை தவறாமல் இரு கைகளாலும் கோப்பையை ஏந்தி, உரிய உறவுமுறையைச் சொல்லித் தேநீர் தருகின்றனர். அதுவரை வருங்கால மாமனார் மாமியாரை, வயதில் மூத்த எவரையும் அழைப்பதுபோல் பொதுவாக அழைத்துவந்த மணமகள், அக்கணத்தில் அவர்களை முதன்முறையாக ‘அப்பா’, ‘அம்மா’ என்று அழைக்கிறாள். மணமகனும் அவள் வீட்டில் அவ்வாறே செய்கிறான். அழைப்பை மாற்றும் தேநீர் என்னும் பொருளில் இது ‘கைகோ சா’ எனப்படுகிறது. பெரியவர்கள் தேநீரைப் பருகிவிட்டுச் சிவப்பு உறையோ தங்க நகையோ தந்து அந்த அழைப்பை ஏற்கின்றனர்.

விருந்துக்கு வருவோர் தரும் பணம் பெயர்வாரியாக ஏட்டில் பதியப்பட்டு, அவர்கள் வீட்டு நிகழ்ச்சியில் திருப்பிச் செய்யப்படுகிறது. மொய்யோடு ஒன்று கூட்டி 101 என்று எழுதும் தமிழ் வழக்கத்துக்கு நேர்மாறாக, அங்கே இரட்டைப்படைத் தொகையே மங்கலம். அதிலும் நான்கு மட்டும் ஆகாது, ஏனெனில் அதன் ஒலிப்பு சாவைக் குறிக்கும் சொல்லை ஒத்திருக்கிறது. இந்தச் சிவப்பு உறையின் ஹொக்கியன் பெயரான ‘அங் பாவ்’ மலேசியத் தமிழருக்கும் பழக்கமானதே. அங்கே தீபாவளியன்று சிறுவர்களுக்குத் தரும் பண உறையும் இப்பெயரால் வழங்குகிறது.

குழந்தை பிறந்தால், தாய் ஏறத்தாழ ஒரு மாதம் வீட்டுக்குள் ஓய்வெடுத்த பின் முழுமாத விருந்து நடைபெறுகிறது; அப்போது சிவப்புச் சாயமேற்றிய அவித்த முட்டைகள் உறவினருக்கும் அண்டை வீட்டாருக்கும் வழங்கப்படுகின்றன. முதலாம் ஆண்டு நிறைவில் தூரிகை, புத்தகம், மணிச்சட்டம் போன்றவற்றைக் குழந்தையின் முன் பரப்பி, அது எதைப் பற்றுகிறதோ அதைக்கொண்டு வருங்காலத்தைக் கணிக்கும் ‘சுவாசோ’ விளையாட்டு நிகழ்கிறது. ஆறாம் நூற்றாண்டு அறிஞர் யான் சிதுய், தென்சீன வழக்கமாக இதைப் பதிவுசெய்திருக்கிறார். காலத்தை அறுபதாண்டுச் சுழற்சியாக எண்ணும் பழைய நாட்காட்டி மரபில் அறுபதாம் பிறந்தநாள் ஒரு முழுச் சுற்றின் நிறைவு என்பதால், அன்று நீளமான நூடுல்ஸும் பீச் பழ வடிவில் செய்த பன்னும் பரிமாறப்படுகின்றன.

1950ஆம் ஆண்டின் திருமணச் சட்டம் குழந்தைப் பருவ நிச்சயத்தையும், மறுமனையாட்டி வைத்துக்கொள்வதையும், திருமணத்தின் பெயரால் பணம் கறப்பதையும் தடைசெய்தது. ஆயினும், மணமகன் வீட்டார் பெண் வீட்டுக்குத் தரும் ‘சாய்லி’ என்னும் பரிசப்பணம் ஒழியவில்லை. அது தொடர்பான வழக்குகளுக்கென உச்ச மக்கள் நீதிமன்றம் 2024 பிப்ரவரியில் தனி விளக்க விதிகளையே நடைமுறைக்குக் கொண்டுவர வேண்டியிருந்தது.

சட்டத்தைவிட ஆழமாகச் சடங்கைத் தொட்டது மக்கள்தொகைக் கொள்கை எனலாம். 1980 முதல் 2015 வரை நீடித்த ஒரு குழந்தைக் கொள்கையின்கீழ் நகரங்களில் வளர்ந்த தலைமுறையினர் பெரும்பாலும் உடன்பிறப்பு அற்றவர்கள் என்பதால், அத்தகைய இருவருக்குப் பிறக்கும் பிள்ளையின் திருமணத்தில் பெரியப்பா, மாமன், அத்தை ஆகியோர் அமர வேண்டிய இருக்கைகளுக்கு உரியவர்களே இல்லை. திருமணங்களும் குறைந்துள்ளன: 2013இல் ஏறத்தாழ 1.35 கோடி இணையர் பதிவுசெய்துகொண்ட நாட்டில், 2024இல் அத்தொகை சுமார் 61 லட்சமாகச் சுருங்கியது.

ஒற்றைப் பிள்ளையை மற்றொரு வீட்டுக்கு விட்டுக்கொடுக்க எந்தப் பெற்றோருக்கும் மனம் வராத நிலையில், ஜியாங்சு, செஜியாங் மாகாணங்களின் சில பகுதிகளில் ‘இருமுனைத் திருமணம்’ என்னும் ஏற்பாடு பரவியுள்ளது. இதில் பொதுவாகப் பரிசமும் இல்லை, சீர்வரிசையும் இல்லை; மணமக்கள் இரு வீடுகளிலும் மாறி மாறி வாழ்கின்றனர்; இரண்டு குழந்தைகள் பிறந்தால் ஒன்றுக்குத் தந்தையின் குடும்பப் பெயரும் மற்றொன்றுக்குத் தாயின் குடும்பப் பெயரும் சூட்டப்படுவதுண்டு. தந்தைவழித் தாத்தா பாட்டிக்கே உரிய ‘யேயே’, ‘நைநை’ என்னும் பெயர்களால் தாயின் பெற்றோரும் அழைக்கப்படுகின்றனர்; தாய்வழியினரைக் குறிக்கும் தனிச் சொற்கள் அவ்வீட்டுப் பிள்ளைகளுக்குத் தேவைப்படுவதில்லை.